மன்னர் கட்டிலில் ஒரு மூட்டைப்பூச்சி

வெகு காலத்துக்கு முன்னே கரும்பாறை நாட்டைக் கோதண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, நடுவில் தூக்கம்.

அவருடைய பல்லக்குத் தூக்கிகள் ஜன்னலில்லாத ஒரே கொட்டகையில் நெருக்கியடித்துப் படுப்பார்கள். அவர்களில் சடையன் என்பவன் இருமி இருமி ரத்தம் கக்கினான். காசநோய் என்றார் வைத்தியர். மந்திரி திருவேகம்பருக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

"மகாராஜா, கூடப் படுத்தவர்களையும் வைத்தியர் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் பிழைத்துக்கொள்வார்கள்" என்றார் சபையில்.

மந்திரி பதவிமேல் ஒரு கண் வைத்திருந்த பொக்கிஷதாரர் வல்லபராயர் சிரித்தார். "இருமுகிறவன் ஒருத்தன். அவனை வீட்டுக்கு அனுப்பினால் தீர்ந்தது. நன்றாயிருப்பவர்களைத் தட்டிப் பார்க்க வைத்தியருக்குக் கூலியா? ஊரும் அவர்களை ஒதுக்கிவைக்கும்!"

கடைசியில் சொன்னது நியாயம்தான் என்று மந்திரிக்கே பட்டது. அதனாலேயே எரிச்சல் அதிகமாயிற்று.

"ராயர் சொல்வதே சரி" என்று ராஜா கொட்டாவி விட்டார்.

மறுநாள் மத்தியானத் தூக்கத்தில் ராஜாவை ஒரு மூட்டைப்பூச்சி கடித்தது. வடமொழியில் மத்குணம் என்று அதற்குக் கௌரவமான பெயருண்டு. கடியில் அந்தக் கௌரவம் தெரியாது. சேவகன் அதை நசுக்கிக் காட்டினான்.

"கட்டிலைப் பிரியுங்கள்! மெத்தையை வெயிலில் போடுங்கள்!" என்று ராஜா அலறினார். ராயர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் தாமே கட்டிலடியில் புகுந்தார்.

"கடித்ததுதான் செத்துவிட்டதே பிரபு, வீண் செலவு எதற்கு?" என்றார் மந்திரி.

"என்னய்யா பேச்சு இது! ஒன்றோடு நிற்குமா? இடுக்கில் கடிக்காமல் எத்தனை பதுங்கியிருக்கிறதோ!" என்றார் ராஜா.

"அப்படியானால் குதிரை லாயத்தையும் பிரிக்கச் சொல்லட்டுமா?"

"லாயம் எதற்கு? பக்கத்தில் கிடக்கும் தலையணை, திண்டைப் பாரும்!"

பார்த்தார்கள். கட்டில் சந்தில் ஒரு குடும்பம் இருந்தது. ராயர் தினமும் சாய்ந்து உட்காரும் திண்டில் ஒரு வம்சமே இருந்தது.

மந்திரி கைகூப்பினார். "கொட்டகைக்கும் இவ்வளவுதான் கேட்டேன், பிரபு. ஊர் முழுவதையும் துழாவ வேண்டியதில்லை. கூடப் படுத்தவர்கள் போதும். நோயாளி யாரென்பது வைத்தியரோடு இருக்கட்டும். படுத்திருக்கும் நாளுக்கும் படியளந்தால் எவனும் இருமலை மறைக்கமாட்டான்."

ராஜாவுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. "ஓய், என் கட்டிலில் பூச்சி எப்படி வந்தது?"

"நான் விட்டது ஒன்றுதான், பிரபு. மற்றதெல்லாம் முன்பே தங்களோடு குடியிருந்தவை."

ராஜா சொறிந்துகொண்டே சிரித்தார். "பரிசாக ராயரின் ஆசனத்தை எடுத்துக்கொள்ளும்!"

"ஆசனம் சரி பிரபு, திண்டு அவரிடமே இருக்கட்டும்."

வைத்தியர் பார்த்ததில் இன்னும் இருவர் அகப்பட்டார்கள். நோய் முற்றாததால் சீக்கிரம் தேறினார்கள். சடையன் தேற நாளாயிற்று. கொட்டகைக்கு ராயர் சொந்தச் செலவில் ஜன்னல் வைத்தார். பல்லக்கு ஓய்ந்திருந்த காலமெல்லாம் ராஜா கோயிலுக்கு நடந்தே போனார், ராயர் குடைபிடித்தார். அந்த வைத்தியச் சோதனையில் ஆன செலவிலெல்லாம் பெரியது தம் கால்வலிதான் என்று ராஜா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.