கோமளவல்லியின் பாதம்

உத்தண்ட பூபதிக்குக் கோபம் வந்தால் செங்கோலால் தரையைக் குத்துவார். கோபம் அடிக்கடி வரும். செங்கோலின் அடியில் கூரான இரும்பு முனை வேறு. கொலுமண்டபத்தில் புதிதாகப் பூசிய காரைத் தரையில், சிம்மாசனத்தைச் சுற்றி மட்டும், கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் குழிகள். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் சொல்லவில்லை.

"யார் வேலை இது?" என்றார் மன்னர்.

தளவாய் நரசிங்கராயர் முந்திக்கொண்டார். "நவராத்திரிக்கு உள்ளே வந்ததே பட்டத்து யானை கோமளவல்லி, அதுதான் பிரபு. முந்நூறு மணங்கு கனம்!"

"குழி போட்டது எதுவானாலும் நாளை பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும்." ணங்கென்று செங்கோல் இறங்கியது. இன்னொரு குழி.

யானைப்பாகன் காத்தான் விதூஷகன் ஏகாம்பரத்தின் காலில் விழுந்தான். "சாமி, மரம் இழுக்க அனுப்பிடுவாங்க. வயசான உசுரு, தாங்காது."

ஏகாம்பரம் யோசித்தான். உண்மையைச் சொன்னால் யானைக்கு முன்னால் அவன் போகவேண்டியிருக்கும்.

மறுநாள் முற்றத்தில் காரை பரப்பி, பாதி காயவிட்டு, மன்னரை அழைத்தான். "கண்ணால் பார்த்தே தண்டியுங்கள், மகாராஜா."

கோமளவல்லி அதன்மேல் நடந்தாள். அப்பளம் வைத்து எடுத்ததுபோல் மேலோட்டமான தடங்கள்.

"தடம் விழுந்ததா இல்லையா ஓய்!" என்று குதித்தார் தளவாய்.

"விழுந்தது. யானையே குற்றவாளி!" மன்னர் கோபத்தோடு காரையில் ஏறி, ஓங்கிக் குத்தினார்.

செங்கோல் ஒரு சாண் உள்ளே போயிற்று. இழுத்தார், வரவில்லை. தளவாயும் சேர்ந்து இழுத்தார். கடைசியில் கோமளவல்லி துதிக்கையால் பிடுங்கி மன்னரிடம் நீட்டினாள்.

சபை மொத்தமும் குழியை எட்டிப் பார்த்தது.

"கால் மணங்குகூட இல்லையே இந்தக் கோல்!" என்று முனகினார் தளவாய்.

"மணங்கு தராசின் கணக்கு, தளவாயே" என்றான் ஏகாம்பரம். " தரை வேறு கணக்குப் பார்க்கிறது. யானையின் கனம் முறம் அகலப் பாதங்களில் பரவுகிறது. விரலகல இடத்துக்கு அரை மணங்குதான் வரும். மகாராஜாவின் கைப்பலம் முழுவதும் துவரம்பருப்பு அளவு முனையில் இறங்குகிறது. அதையும் விரலகலத்துக்கு மாற்றிப் பாருங்கள், தொண்ணூறு மணங்கு!"

மன்னர் குழியைப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார். சாய்ந்துகொண்டிருந்தது.

"அப்படியானால் என் செங்கோலை நாடு கடத்தவா?"

"வேண்டாம் மகாராஜா. அதற்கும் கோமளவல்லியின் பாதம்போல ஒன்றைச் செய்து மாட்டினால் போதும்."

மன்னர் சிரித்தார். அது சிரிப்புதான் என்று உறுதி செய்துகொண்டு சபையும் சிரித்தது. யானைக்கு ஒரு வண்டிக் கரும்பு. ஏகாம்பரத்துக்கு, பாதம் செய்யும் வேலை.

அகலமாக, தடித்த தோலில், உள்ளே பஞ்சு வைத்துச் செய்து கொடுத்தான். அதன்பின் தரையில் குழி விழவில்லை. குத்தினால் சத்தமும் வரவில்லை. சத்தம் வராமல் கோபப்படுவது எப்படி என்று மன்னருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அந்த வருஷம் யாரும் நாடு கடத்தப்படவில்லை.