கோமதி கேட்டது

ஆற்றங்கரை மடத்துச் சாமி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதை சொல்லுவார். முன்வரிசையில் பரமநாயகம் இருப்பார். அரிசி மண்டிக்காரர். பத்து வருஷமாகச் சீடர். கதை முடிந்ததும் அவர்தான் முதலில் சந்தேகம் கேட்பார்.

அன்றைக்கு அவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது.

"சாமி, ஆம்பளைக நாங்க ஆளுக்கொரு கேள்வி கேக்கோம். பொம்பளைகளும் இத்தனை பேர் வாராங்க. ஒருத்தியும் இதுவரைக்கும் வாயைத் திறந்ததில்ல. அவங்களுக்கு ஞானத்துல நாட்டமே கிடையாதோ?"

சாமி எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

அங்கே ஏழெட்டுப் பெண்கள் பந்திக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சோறு வடித்தவள் சண்முகவடிவு, பரமநாயகத்தின் மனைவி. பக்கத்தில் பதிமூன்று வயது மகள் கோமதி வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குக் கதை கேட்டியா, தாயி?" என்று சண்முகவடிவிடம் கேட்டார் சாமி.

"கேட்டேன் சாமி. அந்த ராணி கோட்டையை விட்டு இறங்கி நடந்தால்லா, அது வரைக்கும். அப்புறம் உலை கொதிச்சிட்டு."

"போன வாரக் கதை?"

அவள் கூச்சத்தோடு சிரித்தாள்.

"நீங்க சொன்ன எல்லாக் கதைக்கும் ஆரம்பம் தெரியும் சாமி. முடிவுதான் ஒண்ணும் தெரியாது."

பத்து வருஷமாகச் சாமி சாப்பிட்டது அந்தக் கைச் சோறு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆண்களை அடுப்படிக்குப் போகச் சொன்னார். பெண்களைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

பரமநாயகம் தயங்கினார். "எனக்கு உலை வைக்கத் தெரியாதே சாமி."

"தெரிஞ்சவங்க கிட்ட கேட்டுக்கிடும்."

வேறு வழியில்லாமல் மனைவி பக்கம் திரும்பி, தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்டார். அப்பா அம்மாவிடம் ஒன்று கேட்பதைக் கோமதி வியப்போடு பார்த்தாள்.

பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். முன்வரிசை காலியாகக் கிடந்தது. சாமி எழுந்து அவர்கள் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ராணி கதையை மறுபடியும் தொடங்கினார். பாதியில் தீயும் வாடை வந்தது. சண்முகவடிவு எழப் பார்த்தாள்.

"அடிப்பிடிக்கு சாமி."

"பிடிக்கட்டும். நீ உக்காரு."

உட்கார்ந்தாள். கதை முடியும் வரை அசையவில்லை. முடிந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கூடத்தில் புகை இல்லை.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் சாமி.

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கோமதி கையைப் பாதி தூக்கி, கீழே போட்டுவிட்டாள்.

"கேளும்மா."

அவள் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

அன்றைக்குப் பந்தியில் சோறு குழைந்திருந்தது. சாம்பாரில் உப்பு இல்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆண்கள் பரிமாறினார்கள்.

பரமநாயகம் வேட்டியெல்லாம் கரியோடு சாமியிடம் வந்தார்.

"இன்னைக்காவது யாரும் கேள்வி கேட்டாங்களா சாமி?"

"ஒருத்தி கேட்டா. உம்ம மக."

அவர் முகம் மலர்ந்தது. "கோமதியா! என்ன கேட்டா?"

"'நான் கேள்வி கேட்டா எங்கப்பா ஏசுவாகளா'ன்னு கேட்டா."

பரமநாயகம் பந்தியைப் பார்த்தார். கோமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றிருந்தது.

அவர் சாமி பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொன்னீங்க சாமி?"

"எனக்குத் தெரியாதும்மான்னு சொன்னேன்."