குட்டை அலகுப் புறாவின் குஞ்சு

மனிதன் பேசுவது பறவைக்கும் பறவை பேசுவது மனிதனுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், எல்லாப் புறாக்களுக்கும் ஒரே மாதிரி நீண்ட அலகுதான் இருந்தது.

துறைமுகத்தை ஒட்டிய ஊரில் மீரான் என்பவன் மொட்டை மாடியில் புறா வளர்த்தான். புதிதாக வளர்க்கத் தொடங்கியவன். அவனிடம் ஒரு வெள்ளை ஜோடி இருந்தது. பெட்டை இன்னும் முட்டையிடாத இளம் புறா.

ஒரு நாள் அவளைக் கையில் எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாம் சரியா இருக்கு. மூக்கு மட்டும் கொஞ்சம் குட்டையா இருந்திருந்தா எவ்வளவு அழகா இருக்கும்," என்றான். அவளைக் கீழே விட்டுவிட்டு அடுத்த புறாவை எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கே அவள் கைப்பிடிச் சுவரின் கருங்கல்லில் அலகைத் தேய்க்கத் தொடங்கினாள்.

பக்கத்துக் கூண்டில் சாம்பல் நிறச் சாதாப் புறா ஒருத்தி இருந்தாள். பல முறை குஞ்சு பொரித்தவள்.

"என்னடி, கத்தியா தீட்டுற?"

"மூக்கு சின்னதா இருந்தா நல்லா இருக்குமாம், அக்கா."

"யாரு சொன்னா?"

"அவரு."

"அப்ப அவரு மூக்கைத் தேய்ச்சுக்கச் சொல்லு. நீ எதால கொத்தித் தின்ப?"

"தினைதானே போடுறாரு. அதுக்கு இது போதும்."

சாம்பல் புறா சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். குஞ்சுக்கு ஊட்டவும் அலகு வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தாள். வெள்ளைப் பெட்டைக்கு அது தெரியாது.

அலகு குட்டையானதும் மீரான் அவளைத் தோளிலேயே வைத்திருந்தான். தெருவே வந்து பார்த்தது. ஆண் புறா கூண்டுக்குள் தனியாக இருந்தான். "ஜோடின்னா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்ல," என்று மீரான் யாரிடமோ சொல்வது கேட்டதும் அந்த ஆண் புறாவும் கல்லில் அலகைத் தேய்க்கப் போனான்.

பிறகு இரண்டு முட்டைகள் வந்தன. இரண்டும் பொரிந்தன. கண் திறக்காத, மஞ்சள் முடி போர்த்திய குஞ்சுகள்.

புறாக் குஞ்சு தானாகக் கொத்தித் தின்னாது. தாயும் தகப்பனும் அதன் அலகைத் தங்கள் வாய்க்குள் கவ்விக்கொண்டு, தொண்டையிலிருந்து பால் ஊட்ட வேண்டும். வெள்ளைப் பெட்டை வாயைத் திறந்தாள். கவ்விப் பிடிக்க அலகு போதவில்லை. பால் வெளியே சிந்தி, குஞ்சின் கழுத்தில் காய்ந்தது.

"நீ கொடுத்துப் பாரு," என்றாள் ஆண் புறாவிடம்.

அவனும் முயன்றான். "எனக்கும் வரல," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

மீரான் விரல் நுனியில் கூழைத் தொட்டு வைத்தான். குஞ்சுகளுக்கு விழுங்கத் தெரியவில்லை. "சும்மா ஒரு பேச்சுக்குத்தான் புள்ள சொன்னேன்," என்றான்.

"எனக்கு அது தெரியலியே," என்றாள் அவள்.

விடிந்தபோது ஒரு குஞ்சு குளிர்ந்து கிடந்தது. மற்றது வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சாம்பல் புறாவுக்கும் அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது.

"அக்கா, இதை எடுத்துக்குங்க."

"எடுத்துக்குவேன். ஆனா பால் கொடுக்கிறவளைத்தான் அது அம்மாங்கும். அப்புறம் உங்கிட்ட வராதுடி."

"பொழைச்சாப் போதும்."

மீரான் குஞ்சை எடுத்து அந்தக் கூண்டில் வைத்தான். அது பிழைத்தது. இறகு முளைத்தபோது அதன் அலகும் குட்டையாகவே வளர்ந்தது. பறக்கக் கற்ற நாளில் கைப்பிடிச் சுவரில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.

"உங்க மூக்கும் என்னை மாதிரியே இருக்கே. நீங்க யாரு?"



"பக்கத்துக் கூண்டுதான்," என்றாள்.

"எங்கம்மா தேடுவாங்க," என்று அது பறந்து போயிற்று.

அன்று முதல்தான் புறா வளர்ப்பவர்கள், குட்டை அலகுப் புறா இடும் முட்டைகளை எடுத்துச் சாதாப் புறாவின் அடியில் வைத்துவிட்டு, முட்டையிட்டவளுக்கு மரத்தால் செய்த பொய் முட்டைகளைக் கொடுக்கிறார்கள். அவளும் அவற்றை அடைகாத்து, பொரிக்க வேண்டிய நாளில் தொண்டை நிறையப் பாலோடு காத்திருக்கிறாள்.