கடலடிக் கல்

"தாயி, நான் கீழ எறங்கிப் போயிர்றேன்" என்றார் ராக்கப்பன்.

மூட்டை தோளுக்கு ஏறிவிட்டது.

ராமநாதபுரம் கடற்கரையில் நாற்பது வருஷம் சங்கு குளித்தவர் அவர். அறுபது வயதில், உயர வேண்டும் என்ற ஆசை பிடித்து ஆட்டியது. இமயமலையில் குடிசை போட்டிருந்த உசிலம்பட்டிக்கார ஒச்சம்மாவிடம் வந்து சேர்ந்தார். குருவுக்கு முப்பத்தைந்து வயதுதான். ஐந்து மாதமாகக் காலையில் தியானம். மற்ற நேரமெல்லாம் குடிசையைச் சுற்றிக் கல் சுவர் அடுக்கும் வேலை.

"ஏன்யா?"

"நான் கடலுக்கு அடியில கெடந்த ஆளு. ஒரு முழம்கூட மேல ஏறல. கண்ண மூடுனா மீன் கொழம்பு வாசந்தான் வருது."

ஒச்சம்மா சிரித்துவிட்டார். அடக்கிப் பார்க்கவும் இல்லை.

"சரி, போங்க. அதுக்கு முன்னால கண்ண மூடிக் கைய நீட்டுங்க."

சுவரிலிருந்து ஒரு கல்லை உருவி அவர் கையில் வைத்தார்.

கலங்கிய தண்ணீரில் தடவியே சங்கைக் கண்டுபிடித்த விரல்கள் அவை. ஒருமுறை தடவின. மறுபடியும் தடவின. ராக்கப்பன் கண்ணைத் திறந்தார்.

"சிப்பி! தாயி, இது கடல் சிப்பி! கல்லாப் போயிருக்கு!"

சுவரிடம் ஓடினார். கல்லுக்குக் கல் சிப்பி. உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அடுக்கியதில், கையில் இருந்தது கண்ணில் படவேயில்லை.

"இத யாரு இம்புட்டு ஒசரம் தூக்கியாந்தது?"

"யாரும் தூக்கல. இது கடலடியாத்தான் கெடந்துச்சு. தெக்கேயிருந்து ஒரு நிலம் நகந்து வந்து முட்டுச்சு. வடக்கு நிலம் வழி விடல. நடுவுல மாட்டுன கடலடி எங்க போகும்? மடிஞ்சு மடிஞ்சு மேல வந்துருச்சு."

"தெக்கேயிருந்தா? எந்த நிலம்?"

"உங்க ஊரு நிலந்தான்."

"எங்க ஊரா!"

மூட்டை நழுவி விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"எம்புட்டு வேகமா வந்துச்சு?"

"உங்க நகம் வளருற வேகந்தான்."

ராக்கப்பன் விரல்களை விரித்துப் பார்த்தார். போன வாரம் வெட்டிய நகம், கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"இப்ப நின்னுருச்சா?"

"எங்க நின்னுச்சு? இன்னும் முட்டிக்கிட்டுத்தான் இருக்கு. மலையும் வளந்துக்கிட்டுத்தான் இருக்கு."

கிழவர் ஒரு குதி குதித்தார். பிறகு போய்த் தன் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல்.

"தாயி, மீன் கொழம்பு வாசம் வருது."

"அதுவும் கூடவே வரட்டும்."