மைனா டீச்சர் நடத்தாத இரண்டாம் பாடம்

கரடி மலையப்பனின் தேன் கம்பெனிக்கு அந்த வருடம் கொள்ளை லாபம். லாபம் பார்க்கிறவர்கள் காட்டுக்கு ஏதாவது நல்லது செய்தே ஆகவேண்டும் என்பது சிங்கராஜாவின் சட்டம்.

“நம்ம குட்டிகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தரப் போறேன்!” என்று கரடி அறிவித்தது. நிரல் என்றால் என்னவென்று அதற்கே தெரியாது. பக்கத்துக் காட்டில் யாரோ அப்படிச் செய்து பேர் வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆலமரத்தடியில் தொடக்க விழா நடந்தது. மைனா டீச்சர் வந்து இறங்கியது. அதன் முன்னால் எறும்புகள் வரிசையாக நின்றன.

“பசங்களா! நீங்க இலையில எழுதினதை இந்த எறும்புகள் அப்படியே செய்யும். கூட்டாது, குறைக்காது. வாயால சொன்னா கேட்காது. இப்படி ஒழுங்கா கட்டளை எழுதுறதுக்குப் பேர்தான் நிரல்!”

மின்னி என்ற அணில்குட்டி முந்திக்கொண்டு இலையை எடுத்தது.

“நம்ம தேனை வச்சே எழுது பாப்பா! எல்லாரும் பார்க்கட்டும்!” என்றது கரடி.

மின்னி எழுதியது: ‘கிடங்குக்குப் போ. ஒரு துளி தேன் எடு. ஆலமரத்தடியில் வை. மறுபடியும் முதலிலிருந்து செய்.’

எறும்புகள் கிளம்பின! குட்டிகள் துள்ளிக் குதித்தன.

“டீச்சர், இதை எப்படி நிறுத்துறது?” என்று கேட்டது மின்னி.

“அது ரெண்டாம் பாடம்மா.”

அதற்குள் மரங்கொத்தி விழாவை மரப்பட்டையில் படமாகச் செதுக்கிவிட்டது. “படம் ஆச்சா? அப்ப வகுப்பும் முடிஞ்சது!” என்றது கரடி. மைனா டீச்சர் வேறொரு காட்டின் தொடக்க விழாவுக்குப் பறந்துபோனது.

மூன்றாம் நாள் காலை கரடி கிடங்கைத் திறந்தது. பாதித் தேனைக் காணோம்! ஆலமரத்தடி மண் அதை உறிஞ்சிவிட்டிருந்தது. எறும்புகள் இன்னும் நடந்துகொண்டே இருந்தன.

“நில்லுங்க! நில்லுங்கன்னா!” என்று கத்தியது கரடி. ஓர் எறும்புகூட நிற்கவில்லை. கரடி இலையைப் பிடுங்கிக் கிழித்தது.

“எங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சுங்க. புது இலை வந்தாத்தான் மாத்துவோம்” என்றது ஓர் எறும்பு, நடந்தபடியே.

கரடி மின்னியிடம் ஓடியது. “பாப்பா, என் தேன் போச்சு!”

மின்னி ஓடி வந்து பார்த்தது. எறும்புகளின் கால்கள் தள்ளாடின. இரண்டு எறும்புகள் மயங்கிக் கிடந்தன. மின்னிக்கு அழுகையே வந்துவிட்டது.

“தேன் கிடக்கட்டும் ஐயா! எறும்புங்க செத்துப்போயிடுமே! நான் எழுதினதாச்சே!”

உடனே ஓர் இலையில் ‘நில்’ என்று எழுதிக் காட்டியது. எல்லா எறும்புகளும் கொளுத்தும் வெயிலில், முதுகுச் சுமையோடு அப்படியே நின்றுவிட்டன!

“அப்பாடா! என் தேன் தப்பிச்சது!” என்றது கரடி.

மின்னி அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து எறும்புகளையே உற்றுப் பார்த்தது. கிடங்கிலிருந்து திரும்பி வரும் எறும்பிடம் துளி இருக்கிறது. போகும் எறும்பிடம் இல்லை.

“ஓகோ! ரெண்டுக்கும் சேர்த்து யோசிக்கணும்!”

புது இலையில் எழுதியது: ‘உன்னிடம் துளி இருந்தால், பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுத்துக் குடி. இல்லையென்றால், இருப்பவரிடம் வாங்கிக் குடி. மயங்கியவரைத் தூக்கிக்கொள். புற்றுக்குப் போய்த் தூங்கு.’

எறும்புகள் குடித்தன. மயங்கிக் கிடந்த இரண்டும் மெல்லக் கண் விழித்தன. எல்லாம் வரிசையாகப் புற்றுக்குள் போயின.

“சபாஷ்! மரங்கொத்தி, செதுக்கு! ‘மலையப்பன் கம்பெனி மாணவியின் சாதனை’ன்னு போடு! வா பாப்பா, என் பக்கத்துல நில்லு!” என்றது கரடி.

மின்னி வரவில்லை. குட்டிகள் எல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று இலைகளைப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.

“வேலை இருக்குங்க ஐயா!” என்றது மின்னி, தலைநிமிராமலே.

அந்தப் படத்தில் கரடி மட்டும்தான் நிற்கிறது.

பேர் வாங்குவதற்காகத் தொடங்கும் உதவி பாதியில் நின்றுவிடும். பாதியில் விட்ட உதவி, நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்யும்.