கயத்தானின் படகுக்கு எத்தனை எச்.பி.

சிந்தாத்துறையில் பிரகாசியிடம் படகு இன்ஜின் வேலை கற்றுக்கொள்ள வந்தபோது தொம்மைக்கு ஐம்பத்திரண்டு வயது. பிரகாசிக்கு முப்பத்தெட்டு. தொம்மை முழங்கால் உடைந்து கடலுக்குப் போக முடியாமல் போனவர். தன்னைவிடச் சின்னவளிடம் பாடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அவருக்குக் கிடையாது. மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். கோபம்தான் அவருக்கு நிறைய. அநியாயம் என்று எதையாவது கண்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் கயத்தான் என்பவர் புது இன்ஜினோடு பட்டறைக்கு வந்தார். இருபத்தைந்து எச்.பி. அவருடைய ஃபைபர் படகுக்கு இருபத்திரண்டு வயது, அதில் அதுவரை ஓடியது பத்து எச்.பி. இன்ஜின். ஊரில் பலரும் பெரிய இன்ஜினுக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் முதலில் கரை சேர்ந்து மீனை ஏலம் விட்டுவிடுவார்கள். கயத்தான் வந்து சேரும்போது வியாபாரிகளின் வண்டிகள் கிளம்பியிருக்கும். நல்ல பாறை மீனைக்கூட அவர் கருவாட்டுக்குப் போட வேண்டியிருந்தது.

பிரகாசி இன்ஜினைத் தொடவில்லை. கரையில் கிடந்த படகிடம் போனார். இன்ஜின் தொங்கும் பின்பலகையை விரல் முட்டியால் நாலைந்து இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"இப்ப இருக்கிற பத்தே இதுக்கு அதிகம்" என்றார்.

கயத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்கிறேன், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வந்ததில்லை, காலமெல்லாம் நான் கடைசியாகத்தான் வரவேண்டுமா என்று சத்தம் போட்டார். பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறேன் என்று இன்ஜினைத் தூக்கப் போனார். தொம்மை மறுபக்கம் கைகொடுக்கப் போனார்.

"நீங்களுமா அண்ணாச்சி?" என்றார் பிரகாசி.

"முப்பது வருசம் நானும் கடைசியா வந்தவன்தான் மேஸ்திரி. வியாபாரி போன கரையில மீனோட நின்னு பாத்திருக்கீங்களா? இவனுக்கு எத்தனை எச்.பி. வேணும்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?"

பிரகாசி இங்கேயே மாட்டுங்கள் என்றார்.

இன்ஜினை மாட்டிப் படகை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கினார்கள். படகின் நடுக் குறுக்குக்கட்டையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படகுத்துறைத் தூணில் இறுக்கச் சொன்னார் பிரகாசி. பிறகு தொம்மையை இன்ஜின் பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாக வேகத்தைக் கூட்டச் சொன்னார்.

கயிறு விறைத்தது. படகு நகர முடியாமல் முக்கியது. பாதி வேகம்கூட வரவில்லை, அதற்குள் பின்பலகை உள்பக்கமாக வளைந்தது. போன மாதம் அடித்த நீலப் பெயின்ட் கோடு கோடாக வெடித்தது. பழைய போல்ட்டு ஓட்டைகளிலிருந்து டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் கசிந்தது.

"நிறுத்துங்க" என்றார் பிரகாசி.

கயத்தான் விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். அழுகின மர வாடை. மேலே ஃபைபர் நன்றாக இருந்தது. உள்ளே இருந்த மரம் எத்தனை வருஷமாக ஊறிக் கிடந்ததோ. அந்தப் படகில் அவரோடு அவருடைய இரண்டு மகன்களும் போகிறார்கள். அவர் கரையேறிப் போய் மணலில் உட்கார்ந்துகொண்டார்.

தொம்மை அவர் பக்கத்தில் போய், டவுனில் இன்ஜின் விற்ற கடைக்காரர் படகின் வயதைக் கேட்டாரா என்று விசாரித்தார்.

"கேட்டாரு. சொன்னேன். முப்பது வருசப் படகே தாங்கும், தைரியமா மாட்டுங்கன்னாரு."

அடுத்த பஸ்ஸிலேயே தொம்மை டவுனுக்குப் போனார். கடை வாசலில் நின்று அரை மணி நேரம் கத்தினார். மூன்று உயிரோடு விளையாடுகிறாயா என்றார், திருடன் என்றார், கண்ணாடியை உடைப்பேன் என்றார். கூட்டம் கூடியது. கடைக்காரர், இவரிடம் நான் எதுவுமே விற்கவில்லை, குடித்துவிட்டு வந்து தகராறு செய்கிறார் என்றார். கூட்டம் அதை நம்பியது. கடை ஆட்கள் தொம்மையைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டார்கள். வாழ்நாளில் குடித்தறியாத மனிதர். சட்டை கிழிந்து ஊர் திரும்பினார்.

மறுநாள் காலை பிரகாசி பின்பலகையில் ஒரு முழத்துண்டை அறுத்தெடுத்துச் சாக்கில் சுற்றினார். இன்ஜினைக் கழற்றி வாடகை லோடு ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். கயத்தானையும் சேர்த்து மூவரும் டவுனுக்குப் போனார்கள். கடைக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று தொம்மையிடம் வழியிலேயே வாக்கு வாங்கிக்கொண்டார்.

கடையில் வேறு ஊர் மீனவர்கள் நான்கு பேர் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரகாசி சாக்கைப் பிரித்து அந்தத் துண்டை மேஜைமேல் வைத்தார். கட்டை விரலால் மரத்தை அமுக்கினார். விரல் நகம் வரை உள்ளே போனது. மேஜையில் தண்ணீர் ஓடியது. நான்கு பேரும் கிட்டே வந்து பார்த்தார்கள்.

"இவர் படகோட பலகை இது" என்றார் பிரகாசி. "இருபத்தஞ்சு தாங்கும்னு சொல்லியிருக்கீங்க. அதை உங்க கையால ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் இன்னைக்கே மாட்டிர்றேன்."

கடைக்காரர் கயத்தானைப் பார்த்தார். நான்கு பேரையும் பார்த்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூடிவிட்டார்.

பலகையை அடியோடு மாற்றினால் அந்தப் படகு எவ்வளவு தாங்கும் என்று கேட்டார். பதினைந்து, அதற்கு மேல் கூடாது என்றார் பிரகாசி. கடைக்காரர் இருபத்தைந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு பதினைந்து எச்.பி. இன்ஜினை ஆட்டோவில் ஏற்றச் சொன்னார்.

திரும்பும்போது கயத்தான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரகாசியும் தொம்மையும் பின்னால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டார்கள். உப்பளம் தாண்டியதும் தொம்மை கேட்டார்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க மேஸ்திரி. அந்த ஆளு மேல உங்களுக்குக் கோவமே வரலையா? மூணு பேரைக் கடல்ல சாகக் குடுத்திருப்பான். ஒரு வார்த்தை திட்டல நீங்க."

பிரகாசி ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்வரை இன்ஜினை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ராத்திரி பூரா நான் தூங்கல அண்ணாச்சி" என்றார். "கோவத்தையும் அவர் தாங்குற அளவுக்குத்தான் வச்சேன்."