மூன்றாவது முறம்

மலையடிவாரத்து வைத்திய மடத்தில் குரு பூவாத்தாளுக்கு வயது முப்பத்தாறு. சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. குரு சீடரை "அண்ணா" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். முறை தப்புகிறதே என்று இருவருமே கவலைப்பட்டதில்லை.

அன்று காலை ஒரு நெசவுக்காரப் பெண் தன் மகளை இடுப்பில் சுமந்து வந்தாள். ஏழு வயதுப் பிள்ளை. நாலு வயதுக்காரியின் எடைகூட இல்லை. காய்ச்சல் விட்டும் உடம்பு தேறவில்லை.

"தேற்றான்கொட்டை லேகியம் கிண்டலாம்" என்ற பூவாத்தாள், மலையிலிருந்து வந்த மூட்டையை நாச்சிமுத்துவின் முன்னால் வைத்தார். "இன்னைக்கு நீங்க பொறுக்குங்ணா."

நாச்சிமுத்து மூட்டையைத் தொடவில்லை.

அந்த மலையில் தேற்றானும் எட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று உடம்பைத் தேற்றும், மற்றது ஆளையே கொண்டுபோகும். முற்றிய கொட்டையைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை. தேற்றான் உருண்டை, எட்டி காசு போலத் தட்டை. முற்றாமல் சுருங்கிய கொட்டைகள்தான் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லும்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு நாச்சிமுத்து தன் மகளுக்கு வீட்டிலேயே லேகியம் கிண்டினார். தானே பொறுக்கி, தானே இடித்து, தானே ஊட்டினார். மகள் பிழைக்கவில்லை. கருமாதி முடிந்த மறுவாரம் மடத்துக்கு வந்தவர், பிறகு ஊர்ப்பக்கம் போகவே இல்லை.

"என்ற கைராசி உங்களுக்குத் தெரியுமுங்களே, அம்மா."

"தெரியுமுங்ணா. பொறுக்குங்க."

நல்லதுக்கு ஒரு முறம், கெட்டதுக்கு ஒரு முறம். அதுதான் மடத்து வழக்கம். நாச்சிமுத்து கொஞ்ச நேரம் பொறுக்கினார். பிறகு எழுந்து சமையற்கட்டுக்குப் போய் இன்னொரு முறம் கேட்டார்.

சமையல்கார மாராத்தாள் சிரித்தாள். "ஏனுங், கொட்டை பொறுக்கறீங்களா, கல்யாணத்துக்குச் சீர் அடுக்கறீங்களா?"

உச்சிவேளையில் பூவாத்தாள் வந்து பார்த்தார். முதல் முறத்தில் இரண்டு கைப்பிடி. இரண்டாவதில் அதைவிடக் கொஞ்சம் கூட. மூன்றாவது முறத்தில் அம்பாரம்.

"இத்தனையும் என்னன்னு தெரியலைங்கம்மா" என்றார் நாச்சிமுத்து. "அஞ்சு வருசமாப் படிச்சும் தெரியலை. என்னைய ஊருக்கு அனுப்பிப்போடுங்க."

பூவாத்தாள் உட்கார்ந்தார். முதல் முறத்தின் கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றைக்கூட விலக்கவில்லை. பிறகு மூன்றாவது முறத்தை அளைந்தார்.

"இதுல முக்காவாசி நல்ல கொட்டைங்ணா."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்துட்டுப் போயி, குழி தோண்டிக் கொட்டி மூடுங்க."

"நல்லதும் போகுதுங்களே, அம்மா?"

"போகட்டுங்ணா."

அவர் மூடிவிட்டு வந்ததும் பூவாத்தாள் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு ஊட்டுல எத்தனை முறம் வெச்சிருந்தீங்க?"

நாச்சிமுத்து கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"ரெண்டுதானுங்கம்மா. நாலு கொட்டை சந்தேகமாத்தான் இருந்துச்சு. நல்லதாத்தான் இருக்கும்னு இந்தப் பக்கம் போட்டுட்டனுங்க."

சொல்லிவிட்டு உடைந்து அழுதார். ஐந்து வருஷமாக யாரிடமும் சொல்லாதது அது. பூவாத்தாள் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. அவர் முதுகில் கைவைத்தபடி அழுது முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார். அடுப்பு காத்திருந்தது.

கருப்பட்டிப் பாகில் லேகியம் திரள்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. முதல் உருண்டையைப் பூவாத்தாள் தன் வாயில் போட்டுக்கொண்டார். நாச்சிமுத்து அவர் முகத்தையே பார்த்திருந்தார். நெடுநேரம் கழித்து, நெல்லிக்காயளவு லேகியத்தை வாழையிலையில் எடுத்து அவரிடமே நீட்டினார் பூவாத்தாள்.

"கொழந்தைக்கு நீங்களே ஊட்டுங்க."

"வேண்டாமுங்கம்மா. பெத்த மகளைக் கொன்ன கைங்க இது."

"'தெரியலை'ன்னு சொன்ன கையும் இதுதானுங்ணா. ஊட்டுங்க."